நந்தவனத்தில் கல் பதிக்க வேண்டாம்: எங்கள் கோயில் அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

அறங்காவலர் குழுவினருக்கும் நிர்வாக அலுவலருக்கும்,

மேற்கு மதில் கதவில் நீங்கள் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்தேன். நந்தவனத்தைச் சமன்செய்து, பேவர் பிளாக் கல் பதித்து, கல்யாண மண்டபத்துக்கு வருகிறவர்களின் வண்டிகளை நிறுத்த இடம் செய்யப் போகிறீர்கள் என்று அதில் இருக்கிறது. அந்த இடம் பல காலமாகப் பயன்பாட்டில் இல்லை என்று காரணமும் எழுதியிருக்கிறீர்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த இடத்தை நாங்கள் பயன்படுத்திக்கொண்டுதான் இருந்தோம். பூட்டியது நிர்வாகம்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களில் சிலர் இப்போதுதான் பொறுப்புக்கு வந்திருக்கிறீர்கள். தோட்டக்காரத் தாத்தா வயதாகி வேலையை விட்டபோது அவர் இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை. அதற்கடுத்த கோடையில் கிணற்று மோட்டார் எரிந்தது. பழுதுபார்க்கச் சொல்லித் தெருக்காரர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனு உங்கள் அலுவலகத்தில் எங்கேயாவது இருக்கும். தண்ணீர் இல்லாமல் முல்லைப் பந்தல் காய்ந்தது. பிறகு மழையில் புதர் மண்டியது, புதரில் சாரைப்பாம்பு தெரிந்தது, பாம்பைக் காட்டிக் கதவுக்குப் பூட்டு வந்தது. இப்போது பூட்டிக் கிடப்பதைக் காட்டிக் கல் வருகிறது.

கோயிலின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. கடலூரில் இதைப் படிக்கிறவர்களில் தெரிந்தவர்களுக்குத் தெரியும், உங்களுக்குக் கட்டாயம் தெரியும். ஊர் முன்னால் உங்களைத் தலைகுனிய வைக்க எனக்கு ஆசையில்லை. வேலை தொடங்குவதற்கு முன் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் கோயிலுக்குப் பின்தெருவில் ஆரி வேலை செய்கிறவள். கல்யாண ரவிக்கைகளுக்குப் பூவேலை. தெருப் பெண்கள் சிலரும் என்னோடு உட்கார்ந்து தைக்கிறார்கள். எங்கள் வீடுகளில் அடுப்பு எரிவது இந்த ஊசியால்தான். அந்த ஊசி போட்ட பூக்களில் பெரும்பாலானவை உங்கள் நந்தவனத்தில் பார்த்துப் போட்டவை.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தது ஓர் இஸ்லாமிய அக்கா. சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டுவது, மேலே ஒரு கையில் ஊசியும் கீழே ஒரு கையில் நூலுமாகச் சங்கிலித் தையல் ஓட்டுவது, இதெல்லாம் கை பழகும்வரை அவர் என்னைப் பூ பக்கமே விடவில்லை. அப்புறம் ஒரு சாயங்காலம் கடை டிசைன் புத்தகத்தைப் பிரித்து, நடுவில் வட்டமும் சுற்றி ஆறு இதழுமாக இருந்த ஒரு பூவைக் காட்டி, "இது எந்தச் செடியிலயும் பூக்காத பூ, இதைத்தான் ஊரே போடுது" என்றார். என்னைக் கூட்டிக்கொண்டு நேராக நந்தவனத்துக்கு வந்தார். அவர் கோயிலுக்குள் வருகிறவர் இல்லை. நந்தவனத்துக்குத் தெருப்பக்கம் தனிக் கதவு இருந்ததால் அங்கே அவருக்கும் வழி இருந்தது. தாத்தா "வாங்கம்மா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று அவர் காட்டியது நந்தியாவட்டை. ஐந்து வெள்ளை இதழ், எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஒன்றின் விளிம்பு அடுத்ததன்மேல் லேசாக ஏறியிருக்கும். இதைத் தட்டையாகத் தைத்தால் பூ செத்துப்போகும். ஒவ்வொரு இதழிலும் ஒரு விளிம்புக்கு மட்டும் சற்று மங்கிய நூல் ஓட்டினால் இதழ் திரும்பிக்கொள்ளும், பூ சுழல ஆரம்பிக்கும். எந்த விளிம்புக்கு மங்கல் நூல் என்று புத்தகத்தில் போட்டிருக்காது. செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

பவளமல்லியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரவில் விரிந்து விடியுமுன் தானாக உதிர்ந்து கிடக்கும். தரையில் விழுந்த பூவைச் சாமிக்கு வைக்கக் கூடாது என்ற வழக்கத்தில் விலக்குப் பெற்ற பூ. அதன் காம்பு பவள நிறம், அந்தக் காம்பிலிருந்து துணிக்குச் சாயமும் எடுத்திருக்கிறார்கள். பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் இன்னொன்று தெரியும்: இதழ் எண்ணிக்கை பூவுக்குப் பூ மாறும். ஐந்தும் இருக்கும், ஏழும் எட்டும் இருக்கும், நுனி பிளந்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே அளவில் சீராகப் போட்டால் அது பவளமல்லியாக வராது. சந்தன நிறப் பட்டில், நடுவில் ஒரு பவளமணி தைத்து, இதழ்களை இப்படி ஏறுமாறாக விட்டு நான் போட்ட ரவிக்கைக்காகத்தான் புதுச்சேரியிலிருந்தும் பண்ருட்டியிலிருந்தும் என்னைத் தேடி வருகிறார்கள். அந்த வடிவத்துக்கு உரிமை கேட்டால் உங்கள் மதிலோரத்து மரம்தான் கேட்க வேண்டும்.

மனோரஞ்சிதம் அதைவிட விசேஷம். பூ முதலில் இலை நிறத்திலேயே இருக்கும், பூத்திருப்பதே கண்ணில் படாது. முற்றி மஞ்சளாகும்போது வாசனை வரும், வாசனை வந்த பிறகு எங்கே என்று தேட வேண்டும். ஒரு பெண் தன் நிச்சயதார்த்தத்துக்கு ஆடம்பரமில்லாமல் வேண்டும் என்று கேட்டபோது, பச்சைப் பட்டில் பச்சை நூலாலேயே மனோரஞ்சிதக் கொடி போட்டுக் கொடுத்தேன். பக்கத்தில் வருகிறவர்களுக்கு மட்டும் தெரியும். இந்த யோசனை எனக்குத் தானாக வந்ததில்லை. அந்தச் செடி பூக்கும் விதத்திலேயே அது இருந்தது.

இப்போது என்னிடம் கற்றுக்கொள்ள வரும் பெண்கள் செல்போனில் பின்டரெஸ்ட் பார்த்து டிசைன் எடுக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, கதவு பூட்டியிருக்கும்போது அவர்கள் எங்கே போவார்கள்? ஆனால் சென்னையிலும் கடலூரிலும் கோயம்புத்தூரிலும் ஒரே ரோஜா, ஒரே தாமரை, ஒரே மயில் என்று வேலை ஒன்றாகிக்கொண்டே வருகிறது. ஒன்றாகிவிட்ட வேலையை மிஷின் செய்துவிடும். கம்ப்யூட்டர் எம்பிராய்டரிக்குப் போடத் தெரியாத பூக்களைக் கையில் வைத்திருப்பதால்தான் நாங்கள் இன்னும் பிழைக்கிறோம்.

இது என் ரவிக்கைத் தொழிலோடு நின்றுவிடும் விஷயமாக இருந்தால் உங்களுக்கு நான் மடல் எழுதியிருக்க மாட்டேன். நீங்கள் பொறுப்பேற்றிருக்கும் கோயிலைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். தூணின் தலைப்பகுதியில் பலகையைத் தாங்குவது இதழ். தூணுக்கு மேல் உத்திரத்தைத் தாங்கும் போதிகையின் நுனியில் கவிழ்ந்து தொங்குவது வாழைப்பூ. அடித்தளத்தைச் சுற்றி ஓடுவது தாமரை இதழ் வரிசை. நிலைக்கால் ஓரத்தில் ஏறும் சுருள் கொடிக்குச் சிற்பிகள் கொடிக்கருக்கு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மண்டபத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் விதானத்தில் ஒரு முழுத் தாமரை விரிந்திருக்கிறது. கல்லில் இத்தனையையும் செதுக்கியவர்கள் பூவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர்கள். வாழைப்பூவின் ஒரு மடல் விலகி அடுத்தது தெரியும் இடத்தை, பார்க்காத ஒருவன் செதுக்க முடியாது.

காஞ்சிபுரம் தறியிலும் இதே கதைதான். மல்லிமொக்கு என்று சேலையின் உடலுக்கு ஒரு வடிவம், தாழம்பூ ரேக்கு என்று கரைக்கு ஒரு வடிவம். தாழம்பூ சிவனுக்கு ஆகாது என்று பூசைத் தட்டில் வைக்க மாட்டோம், ஆனால் தாழம்பூ ரேக்குக் கரை போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு அதே சன்னதியில் நிற்கிறோம். சாமிக்கு ஆகாத பூவையும் துணி விட்டுவிடவில்லை.

நம் கடற்கரையே ஒரு காலத்தில் பூத்துணிக்குப் பெயர் போனது. 1734 வாக்கில் புதுச்சேரியில் இருந்த போலியே என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, இங்குள்ள கைவினைஞர்கள் துணியில் பூ எழுதுவதைக் கட்டம் கட்டமாகப் பார்த்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு துண்டுத் துணியையும் சேர்த்து எழுதிவைத்தார். அந்தக் குறிப்பு பாரிசில் இன்றும் பாதுகாப்பாக இருக்கிறது. கடுக்காயிலும் எருமைப்பாலிலும் ஊறிய துணி, படிகாரக் கரைசல், கடலோர மணலில் விளையும் சாயவேரின் சிவப்பு, அவுரியின் நீலம். இப்படிப்பட்ட துணிகளைப் பிரான்சுப் பெண்கள் அப்படி விரும்பியதால், தன் நாட்டு நெசவைக் காப்பாற்ற பிரான்சு அரசு 1686-ல் அவற்றைத் தடை செய்தது. தடை 1759 வரை இருந்தது, அதையும் மீறிப் பெண்கள் உடுத்தினார்கள். இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் என்ற வடிவமைப்பாளர், தன் வீட்டுத் தோட்டத்தில் பறவைகள் ஸ்ட்ராபெரிப் பழத்தைத் திருடுவதைப் பார்த்து, 1883-ல் அதையே அவுரி நீலத்தில் ஒரு துணி அச்சாக்கினார். நூற்று நாற்பது வருடம் ஆகியும் அந்த அச்சு விற்பனையில் இருக்கிறது. தோட்டமும் துணியும் எந்த ஊரிலும் சேர்ந்தேதான் இருந்திருக்கின்றன.

மார்கழிக் கோலத்தைச் சொல்லாமல் விட முடியாது. நம் தெருவில் கோலத்தின் நடுவில் சாணிப் பிள்ளையார் பிடித்து வைக்கும் பூசணிப்பூ, பல வருடம் நந்தவனத்து வேலியில் படர்ந்த கொடியிலிருந்து வந்தது. விடியற்காலையில் தாத்தா பூவைப் பறித்துக் கதவோரம் ஒரு முறத்தில் வைத்திருப்பார், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எதிர்வீட்டுப் பாட்டி போடும் சிக்குக் கோலத்தில் நான்கு மூலையிலும் சங்குப்பூ வரும். புள்ளி வைக்கும்போதே அவர் கண் அந்த வேலிப் பக்கம்தான் போகும்.

இனி சொல்லப் போவது எழுதக் கொஞ்சம் கஷ்டமான விஷயம். ஆனாலும் நீங்கள் அறிய வேண்டும்.

என் கணவர் இறந்த வருடம், காரியங்கள் முடிந்து உறவினர்கள் போன பிறகு, எங்கள் இரண்டு அறை வீட்டில் எனக்கு அழ இடமில்லை. நான் அழுதால் மாமியார் அழுவார், பிள்ளைகள் பயந்துபோவார்கள். கடற்கரைக்குப் போகலாம் என்றால், சில்வர் பீச்சில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்தால் எத்தனை கண்கள் திரும்பும் என்று எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். நான் நந்தவனத்துக்கு வந்தேன். மகிழ மரத்தடியில் உட்காருவேன். தாத்தா ஒரு வார்த்தை கேட்க மாட்டார். அவர் பாட்டுக்குக் களை கொத்துவார், பாத்தியில் தண்ணீர் திருப்புவார். சில வாரம் கழித்து ஒருநாள் ஒரு கூடை நந்தியாவட்டையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "கை சும்மாதானே இருக்கு, இதைக் கட்டிக் குடும்மா, சாயரட்சைக்கு ஆகும்" என்றார்.

உங்களுக்கு இதன் கனம் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. அது ஊரார் என் தலையில் பூ இருக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்த நேரம். விசேஷ வீடுகளில் பூத்தட்டு என்னைத் தாண்டிப் போகும். அந்த நாட்களில் என் மடி நிறையப் பூ இருந்த ஒரே இடம் உங்கள் நந்தவனம். வாழைநாரை நனைத்து வைத்துக்கொண்டு நான் கட்டிய சரம் சாமி கழுத்துக்குப் போயிற்று. அதற்குப் பிறகுதான் மறுபடியும் ஊசி எடுத்தேன்.

நான் மட்டும் அங்கே வந்துகொண்டிருக்கவில்லை. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்துபோன பிறகு, கடலோரக் குப்பத்திலிருந்து எங்கள் தெருவில் சொந்தக்காரர் வீட்டில் வந்து தங்கிய ஓர் அம்மா தினமும் கிணற்றடியில் வந்து உட்காருவார். யாரிடமும் பேச மாட்டார். கடல் சத்தம் கேட்காத இடம் வேண்டும் என்று ஒரே ஒருமுறை சொன்னதாக ஞாபகம். அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பெண்கள் புத்தகத்தோடு வருவார்கள். இரவு வேலை முடித்த நர்ஸ் ஒருவர் வீட்டுக்குப் போகும் முன் பத்து நிமிடம் கண்மூடி உட்கார்ந்துவிட்டுப் போவார். நினைவு தப்பிக்கொண்டிருந்த ஒரு பெரியவரை அவர் மகன் கொண்டுவந்து விடுவார். பேரன் பெயர் மறந்துபோன அவர், ஒவ்வொரு செடியின் பெயரையும் சரியாகச் சொல்வார்.

காசு கொடுக்காமல், யார் நீ, எதுக்கு வந்தே என்ற கேள்வி இல்லாமல், ஒரு மனுஷி சும்மா உட்காரக்கூடிய இடம் இந்த ஊரில் எத்தனை இருக்கிறது? கோயிலுக்குள் உட்காரலாம் என்பீர்கள். வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், மைக்கில் பாட்டு ஓடும், நடை சாத்தும் நேரம் வந்தால் எழுப்பிவிடுவார்கள். அந்த இஸ்லாமிய அக்காவுக்கு அதுவும் கிடையாது.

நீங்கள் சொல்லக்கூடிய காரணங்களையும் யோசித்துப் பார்த்தேன். அலுவலகத்தில் கேட்டபோது எனக்குச் சொல்லப்பட்டவையும் இவைதான்.

பூ கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். சரி, திருப்பாப்புலியூர் பூக்கடைகளில் போய்ப் பவளமல்லி கேளுங்கள். தும்பை கேளுங்கள். கிடைக்காது, ஏனென்றால் இவை லாரியில் பயணம் தாங்காத பூக்கள். பறித்த இடத்துக்குப் பக்கத்திலேயே சாமி இருந்தால்தான் அவருக்குப் போய்ச்சேரும். கடையில் கிடைப்பது செண்டுமல்லி, சாமந்தி, ரோஜா, முகூர்த்த நாளில் கைவைக்க முடியாத விலையில் மல்லி. இப்போது உங்கள் சாயரட்சை மாலையைப் பார்க்கிறேன்: வாரம் முழுக்க ஒரே செண்டுமல்லி. சிவனுக்கு உகந்தது என்று நாம் சொல்லும் பூக்கள் ஒவ்வொன்றாகச் சன்னதியை விட்டுப் போய்க்கொண்டிருக்கின்றன.

பாம்பு வருகிறது என்கிறார்கள். ஆள் நடமாட்டமும் களையெடுப்பும் இருந்தபோது நாங்கள் அங்கே பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தோம். பாம்பு பூட்டுக்குப் பிறகு பெருகியது.

மண்டபத்தால் வருமானம், வண்டி நிறுத்த இடம் இல்லாவிட்டால் முகூர்த்தம் வேறு மண்டபத்துக்குப் போய்விடும் என்கிறார்கள். கோயிலுக்கு வருமானம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. மண்டபத்துக்குக் கிழக்கே பழைய தேர்க்கொட்டகை இருந்த இடம் ஏற்கெனவே சிமெண்ட் தளமாகத்தான் கிடக்கிறது. உடைந்த பந்தல் கால்களும் துருப்பிடித்த அண்டாக்களும் அங்கே குவிந்திருக்கின்றன. அதை ஒழித்தால் வண்டிகளுக்குத் தாராளமாக இடம் கிடைக்கும்.

மழையைப் பற்றி யாரும் பேசவில்லை. கடலூரில் இருந்துகொண்டு மழையை மறக்க முடியுமா? 2015 வெள்ளம், 2024 நவம்பர் 30-ல் புதுச்சேரிப் பக்கம் கரையேறிய பெஞ்சல் புயல், அதன் பின்னால் தென்பெண்ணையில் வந்த வெள்ளம், எல்லாம் பார்த்தவர்கள் நாம். மண்டபத்து வாசலில் பேவர் பிளாக் போட்டதிலிருந்து அங்கே விழும் மழை அப்படியே எங்கள் தெருவுக்கு வருகிறது. நந்தவனத்துப் பக்கம் இருக்கும் வீடுகளில் மட்டும் வாசலில் தண்ணீர் தேங்குவதில்லை, அந்த மண் குடித்துவிடுகிறது. அபிஷேகத் தண்ணீரும் கோமுகி வழியாக அங்கேதான் போகும்படி பழைய கால்வாய் அமைத்திருக்கிறார்கள். அங்கேயும் கல் பதித்துவிட்டால் அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று உங்கள் வரைபடத்தில் குறித்திருக்கிறதா?

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது மாவட்டம் முழுக்கப் பலாவும் முந்திரியும் விழுந்ததைப் போல நந்தவனத்திலும் பாதி மரங்கள் சாய்ந்தன. செண்பகம் போயிற்று, பெரிய வில்வம் போயிற்று. மறுபடி வைத்தது நிர்வாகம் இல்லை, தெரு. ஆளுக்கொரு கன்று வாங்கி வந்தோம். பவளமல்லியும் நாகலிங்கமும் மட்டும் தாத்தா பதியன் போட்டும் விதைபோட்டும் வளர்த்தார். தென்னமெரிக்காவிலிருந்து வந்த மரமாம் நாகலிங்கம். வந்த மரத்தில் நாகம் குடைபிடிக்கும் லிங்கத்தைப் பார்த்துக்கொண்டார்கள் நம் ஆட்கள், புதுச்சேரி அரசு அதையே தன் மாநிலப் பூவாகவும் வைத்திருக்கிறது. நம் கன்று இப்போதுதான் அடிமரத்தில் பூவெடுக்கத் தொடங்கியிருக்கிறது. பூட்டின கதவின் இடுக்கு வழியாகத்தான் அதைப் பார்த்தேன்.

கதவுக்கு இடப்பக்கம் மதிலில் ஒரு கல் பதித்திருக்கிறது. சுண்ணாம்பு அடித்து அடித்து எழுத்து மங்கியிருக்கிறது, விரலால் தடவினால் படிக்கலாம். சாமிக்குப் பூ கொடுக்கவென்று இந்த மனையை எழுதிவைத்ததாக அதில் இருக்கிறது. சோழர் காலத்திலிருந்தே நந்தவனத்துக்கென்று தனியாக நிலம் விட்டு, அதைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் நிலம் விட்டுக் கல்லில் வெட்டிவைத்த மரபு நம்முடையது. பூவுக்காக ஒருவர் கொடுத்த மண்ணை வண்டி நிறுத்தத்துக்கு மாற்ற உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா என்பதை முதலில் நீங்களே விசாரிக்க வேண்டும். இந்த ஊரின் திருப்பாதிரிப்புலியூரே பாதிரி மரத்தால் பெயர் பெற்றது, அங்குள்ள பாடலீசுவரர் கோயிலின் தலமரம் அது. இதே மாவட்டத்துத் திருவாமூரில் பிறந்த அப்பர் சுவாமிகள், விடியுமுன் கோயிலைக் கூட்டி மெழுகிப் பூமாலை கட்டச் சொன்னவர். அவர் தோளில் சாய்த்திருக்கும் உழவாரம் புல் செதுக்கும் கருவி. அவருடைய திருமேனியை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே நந்தவனத்தை ஜேசிபி வைத்து வழிக்க உங்கள் மனசு எப்படி ஒப்புகிறது?

உங்களிடம் நான் கேட்பது இவை.

கல் பதிக்கும் வேலையை உடனே நிறுத்திவையுங்கள், நிறுத்தியதாக அதே கதவில் எழுதி ஒட்டுங்கள். ஒப்பந்தம் யாருக்காவது கொடுத்திருந்தால் அதை மண்டபத்துக் கிழக்குப் பக்கத்துக்கு மாற்றுங்கள். பூட்டை எடுத்து, முன்பு போலக் காலையிலும் சாயங்காலத்திலும் தெருப்பக்கக் கதவைத் திறந்து வையுங்கள், இன்னார்தான் வரலாம் என்று பலகை மாட்டாதீர்கள்.

மோட்டாரைப் பழுதுபார்த்து, சம்பளத்துக்கு ஒரு தோட்டக்காரரைப் போடுங்கள். ஆள் கிடைக்கும்வரை புதர் வெட்டவும் பாத்தி கட்டவும் தெருவில் நாங்கள் தயாராக இருக்கிறோம், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து செய்வோம். அதற்கு எழுத்தில் அனுமதி கொடுங்கள். தாத்தா இன்னும் பக்கத்து ஊரில் இருக்கிறார், வந்து ஒருநாள் எந்தச் செடி எங்கே என்று சொல்லிக்கொடுக்க அவருக்குச் சம்மதம். அவர் சொல்வதைக் கேட்டுப் பட்டியல் போட்டு, காய்ந்துபோனவற்றை மட்டும் புதிதாக வைக்கலாம். அலங்காரப் புல்லும் குரோட்டன்சும் சிமெண்ட் மான் பொம்மையும் வேண்டாம்.

மதிலில் இருக்கும் கல்லைச் சுத்தம் செய்து படியெடுத்து, அந்த மனைக்கான பத்திரத்தையும் நிர்வாகத் தீர்மானத்தின் நகலையும் தெருக்காரர்கள் பார்க்கும்படி வையுங்கள். முடிவெடுக்கும் முன் ஒரு கூட்டம் கூட்டுங்கள். பெண்கள் வரக்கூடிய நேரத்தில், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், மண்டபத்திலேயே கூட்டுங்கள். கையெழுத்து வாங்கிய தாள்களோடு நாங்கள் வருகிறோம்.

தை முகூர்த்தங்களுக்கு முன் இடத்தைத் தயார்செய்ய வேண்டும் என்று அறிவிப்பில் இருக்கிறது. அதனால் இந்த மார்கழிக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். நேரில் கூப்பிட்டாலும் வருவேன்.

இப்படிக்கு,
கோயில் பின்தெருவில் ஆரி வேலை செய்பவள்,
கடலூர்